பரிசு விழுந்ததாக மெயில் வந்தால்: சேலத்துக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பனைக்கு 2003 ஜனவரியில் தடை போட்டார்கள். கடைகள் போய் இத்தனை வருடம் ஆகியும் "என்றைக்காவது அடிக்கும்" என்ற எண்ணம் நம் ஊரில் போகவில்லை. பாலக்காடு பக்கம் போகிறவர்கள் கேரளச் சீட்டு வாங்கி வருகிறார்கள். மூன்று நம்பர் லாட்டரி நடத்திப் பிடிபட்டவர்களைப் பற்றிச் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. இந்த நினைப்பு மனதில் இருக்கும்போது, "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது" என்று ஒரு மெயில் வந்தால் கை தானாக அதைத் திறக்கிறது.

ஏமாறுகிறவர்கள் எல்லாம் பேராசைக்காரர்கள் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருப்பவர், தறி வாங்கிய கடனைக் கட்டிக்கொண்டிருப்பவர், ஓய்வூதியத்தில் மருந்துச் செலவைச் சமாளிப்பவர், இவர்களிடம் அந்த மெயில் ஆசையாகப் போய்ச் சேர்வதில்லை. ஒரு வழி கிடைத்த மாதிரிப் போய்ச் சேர்கிறது. இன்னொன்றும் உண்டு. கொலுசுப் பட்டறைக்காரர், ஜவ்வரிசி வியாபாரி, ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்துபவர், காப்பித்தூள் அனுப்புகிறவர் எல்லோருக்கும் இன்று ஆர்டரும் புக்கிங்கும் முன்பின் தெரியாதவர்களிடமிருந்துதான் மெயிலில் வருகிறது. "தெரியாத மெயிலைத் திறக்காதே" என்று அவர்களிடம் சொல்வதில் அர்த்தமில்லை. திறக்கத்தான் வேண்டும். திறந்தபின் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மோசடி முழுக்க நீங்கள் யாரிடமும் சொல்லாமல் இருப்பதன் மேல்தான் நிற்கிறது. பணம் போவதற்கு முன்பும் அப்படித்தான், போன பின்பும் அப்படித்தான். கீழே உள்ள படிகளை அதை மனதில் வைத்தே படியுங்கள்.

படி 1: மெயிலை வரிவரியாகப் படியுங்கள்

இப்படிப்பட்ட மெயில்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் இருக்கும். மாதிரிக்கு ஒன்றை நானே எழுதிக் காட்டுகிறேன்:

"வாழ்த்துகள்! அன்புள்ள மின்னஞ்சல் உரிமையாளரே, எங்கள் ஆண்டுவிழாக் கணினிக் குலுக்கலில் உங்கள் மின்னஞ்சல் முகவரி 5,00,000 பவுண்டு பரிசுக்குத் தேர்வாகியுள்ளது. இரட்டைக் கோரிக்கையைத் தவிர்ப்பதற்காக, பரிசு கைக்கு வரும்வரை இத்தகவலை ரகசியமாக வைத்திருக்கவும். 72 மணி நேரத்துக்குள் பெயர், முகவரி, வயது, தொழில், செல் நம்பர், ஆதார் நகல் ஆகியவற்றை எங்கள் பரிசு அலுவலருக்கு அனுப்பவும்."

"மின்னஞ்சல் உரிமையாளரே" என்றால் உங்கள் பெயர் அவர்களுக்குத் தெரியாது. ஒரே மெயில் லட்சக்கணக்கான பேருக்குப் போயிருக்கிறது. ஆனால் பெயர் சரியாக இருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். எங்கெங்கோ கசிந்த பட்டியல்களிலிருந்து பெயர், ஊர், செல் நம்பர் மூன்றையும் எடுத்து எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

"மின்னஞ்சல் முகவரி தேர்வாகியுள்ளது" என்ற வரியிலேயே குட்டு உடைந்துவிடுகிறது. லாட்டரியில் குலுக்குவது சீட்டு எண்ணை. மெயில் முகவரியைக் குலுக்கிக் கோடிகளைத் தரும் லாட்டரி கிடையாது. இங்கிலாந்தின் தேசிய லாட்டரியும் ஸ்பெயினின் எல் கோர்டோவும் உண்மையில் இருப்பவைதான். ஆனால் அங்கேயும் சீட்டு வாங்கியவருக்குத்தான் பரிசு. மைக்ரோசாஃப்ட் லாட்டரியே நடத்துவதில்லை, ஆனாலும் அதன் பெயரில் பல வருடங்களாக இப்படி மெயில் வருகிறது. கேபிசி (கோன் பனேகா குரோர்பதி) என்ற இந்தி டிவி நிகழ்ச்சியின் பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றும் "25 லட்சம் பரிசு" படமும் இதே வகைதான்.

வயதையும் தொழிலையும் எதற்குக் கேட்கிறார்கள்? உங்களிடம் எவ்வளவு கறக்கலாம் என்று கணக்குப் போடத்தான். எஸ்டேட் வைத்திருப்பவரிடம் ஒரு தொகை, அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுபவரிடம் வேறு தொகை. 72 மணி நேரக் கெடு, நீங்கள் யோசிக்காமல் இருப்பதற்கு.

எழுத்துப் பிழையை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று முன்பு சொல்வார்கள். இப்போது அது பலிக்காது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளின் உதவியால் நல்ல தமிழிலேயே, பிழையில்லாமல், வங்கிக் கடிதம் மாதிரி எழுதி அனுப்ப முடிகிறது.

இந்த மெயில் முழுவதிலும் மோசமான வரி, ரகசியமாக வைத்திருக்கச் சொல்லும் வரிதான். பரிசு கொடுக்கிற நிறுவனம் ஜெயித்தவரை மேடையேற்றிப் படம் எடுத்து விளம்பரம் செய்யும். வாயைத் திறக்காதே என்று சொல்லாது. அந்த வரி உங்கள் மகனையும் மருமகளையும் பக்கத்து வீட்டுக்காரரையும் இந்த விஷயத்திலிருந்து விலக்கி வைப்பதற்காக எழுதியது.

படி 2: சீட்டு எங்கே என்று கேளுங்கள்

நான் சீட்டு வாங்கினேனா? இல்லை என்றால் விஷயம் இங்கேயே முடிந்தது. மேலே படிக்க வேண்டியதில்லை.

வாங்கியிருந்தால்தான் குழப்பம். பாலக்காட்டில் ஒரு சீட்டு எடுத்து வந்தவருக்கு அடுத்த வாரமே "கேரள லாட்டரி பரிசு" என்று மெயில் வந்தால் நம்பத்தான் தோன்றும். கேரள அரசு லாட்டரி எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் அந்தக் குழப்பம் போய்விடும். 1967-லிருந்து நடக்கும் அந்த லாட்டரியில் விற்பது காகிதச் சீட்டு மட்டும்தான். இணையத்தில் விற்பனை கிடையாது. கடையில் சீட்டு வாங்கும்போது யாரும் உங்கள் பெயரையோ மெயிலையோ எழுதி வைத்துக்கொள்வதில்லை. ஆகவே எந்த எண் ஜெயித்தது என்று அரசுக்குத் தெரியும், அந்தச் சீட்டு யார் சட்டைப்பையில் இருக்கிறது என்று தெரியாது. உங்களைத் தேடி மெயில் அனுப்ப அவர்களுக்கு வழியே இல்லை. நீங்கள்தான் முடிவைப் பார்த்து, அசல் சீட்டை 30 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும்.

உள்ளூர்க் குலுக்கல்கள் தனிக் கதை. ஆடி, தீபாவளி விற்பனையில் ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் கூப்பன் எழுதிப் போட்டிருப்பீர்கள். அதில் நிஜமாகவே பரிசு விழ வாய்ப்புண்டு. அப்படி மெயிலோ போனோ வந்தால், அதில் இருக்கும் நம்பரைக் கூப்பிடாதீர்கள். கூப்பனின் அடிச்சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்கே நேரில் போய்க் கல்லாவில் கேளுங்கள். அரை மணி நேர வேலை. இணையத்தில் பொருள் வாங்கியபின் தபாலில் வரும் சுரண்டல் அட்டைக்கும் இதே விதிதான்: சுரண்டினால் கார் என்று வரும், கூடவே "பதிவுக் கட்டணம்" என்றும் வரும். அந்தக் கம்பெனியின் செயலிக்குள் இருக்கும் உதவிப் பகுதியில் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

படி 3: யார் அனுப்பியது என்று பாருங்கள்

மெயிலின் தலையில் தெரியும் பெயரை அனுப்புகிறவர் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ரிசர்வ் வங்கி கவர்னர் என்றுகூட வைக்கலாம். பார்க்க வேண்டியது பெயருக்குப் பின்னால் இருக்கும் முகவரியை.

செல்போனில் ஜிமெயில் செயலியில் அனுப்பியவர் பெயருக்குக் கீழே சின்னதாக ஓர் அம்புக்குறி இருக்கும். அதைத் தொட்டால் முழு முகவரி விரியும். பதில் போக வேண்டிய முகவரி வேறாக இருந்தால் அதுவும் தனி வரியாகத் தெரியும். அனுப்பியது ஒரு கம்பெனி, பதில் போவது ஏதோ ஓர் இலவச ஜிமெயில் முகவரிக்கு என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

முகவரியில் "அட்" குறிக்குப் பின்னால் இருக்கும் பகுதியை வலதுபக்கக் கடைசியிலிருந்து இடப்பக்கமாகப் படித்துப் பழகுங்கள். இந்திய அரசு முகவரி "கவ் டாட் இன்" அல்லது "நிக் டாட் இன்" என்று முடியும். ரிசர்வ் வங்கியின் முகவரி "ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன்" என்று முடியும். நடுவில் "ஆர்பிஐ" என்று இருந்து, கடைசியில் வேறு ஏதாவது இருந்தால் அது ரிசர்வ் வங்கி இல்லை. வங்கிகளின் இணையதளங்களை 2025 அக்டோபர் 31-க்குள் "பேங்க் டாட் இன்" என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இது நமக்கு நல்ல வசதி. வங்கி லிங்க் என்று வருவதன் கடைசி இரண்டு சொல்லைப் பார்த்தாலே பாதி சந்தேகம் தீரும்.

கணினியில் பார்ப்பவர்கள் ஜிமெயிலில் மூன்று புள்ளியை அழுத்தி "அசலைக் காட்டு" என்பதைத் திறந்தால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று சோதனைகளின் முடிவு தெரியும். தோல்வி என்று இருந்தால் அது ஆள்மாறாட்டமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தேர்ச்சி என்று இருந்தால் மட்டும் நம்பிவிடக் கூடாது. அந்த முகவரியிலிருந்துதான் மெயில் வந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. மோசடிக்காரன் தானே ஒரு இணைய முகவரியை விலைக்கு வாங்கி அனுப்பினாலும் மூன்றிலும் தேர்ச்சிதான் வரும்.

லிங்க்கைத் தொடாதீர்கள். பார்த்தே ஆக வேண்டும் என்றால் விரலை அதன் மேல் அழுத்திப் பிடித்தால் உண்மையான முகவரி தெரியும். இணைப்பாக வரும் கோப்பின் பெயர் "ஏபிகே" என்று முடிந்தால் அது படமும் அல்ல, சான்றிதழும் அல்ல. உங்கள் போனுக்குள் நிறுவப்படக் காத்திருக்கும் ஒரு செயலி. உள்ளே போனால் குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியையும் படித்துவிடும்.

படி 4: பணம் கேட்டால் கதை முடிந்தது

பதில் போட்டுவிட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பது நல்லது. முதலில் அசோகச் சின்னமும் ரிசர்வ் வங்கி முத்திரையும் போட்ட ஒரு சான்றிதழ் வரும். அப்புறம் "கஸ்டம்ஸ் ஆபீசர்" என்று ஒரு குரல் பேசும், பெரும்பாலும் மிக மரியாதையாக. முதல் கட்டணம் சின்னதாக இருக்கும். ஏழாயிரம், எட்டாயிரம். கோடி வரப்போகிற இடத்தில் எட்டாயிரம் என்ன பெரிசு என்று தோன்றும் அளவு. அதைக் கட்டியதும் ஜிஎஸ்டி, அதற்கப்புறம் பண மோசடித் தடுப்புச் சான்றிதழ், பிறகு பவுண்டை ரூபாயாக மாற்றும் கட்டணம். ஒவ்வொரு முறையும் தொகை ஏறும். இதுவரை கட்டியது வீணாகிவிடுமே என்ற பயத்தில்தான் மூன்றாவது, நான்காவது தவணையைக் கட்டுகிறார்கள். நகையை அடகு வைத்துக் கட்டுவதும் இந்தக் கட்டத்தில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். லாட்டரிப் பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீத வருமான வரியைப் பரிசு கொடுப்பவரே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தர வேண்டும். ஒரு லட்சம் ரொக்கப் பரிசு என்றால் வரியாக 30 ஆயிரம் அதிலேயே கழிந்துவிடும். நீங்கள் கையிலிருந்து எடுத்துக் கட்ட வேண்டியதில்லை. கார் மாதிரிப் பொருளாகக் கிடைக்கும் பரிசுக்கு முன்கூட்டியே வரி கட்ட வேண்டி வரலாம். ஆனால் அது அரசுக் கணக்குக்குப் போகும், யாரோ ஒருவருடைய சேமிப்புக் கணக்குக்கோ ஜிபே நம்பருக்கோ போகாது.

ரிசர்வ் வங்கி தனிநபர் யாருக்கும் பணம் போட்டு வைக்கும் கணக்கு வைத்திருப்பதில்லை. "உங்கள் பரிசுத் தொகை ரிசர்வ் வங்கியில் காத்திருக்கிறது" என்பது அடிப்படையிலேயே பொய். வெளிநாட்டு லாட்டரிச் சீட்டு வாங்குவதற்கு இங்கிருந்து பணம் அனுப்புவதற்கும் ஃபெமா எனும் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதிகளில் தடை இருக்கிறது.

யுபிஐ விஷயத்தில் ஒன்றே ஒன்றுதான்: பணம் வாங்க யுபிஐ பின் (PIN) நம்பர் போட வேண்டியதில்லை. பின் போடச் சொன்னால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகப்போகிறது. கியூஆர் ஸ்கேன் செய்யச் சொன்னாலும் இதேதான்.

கல்லூரிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதையும் சொல்லி வையுங்கள். "உன் கணக்கைக் கொஞ்ச நாள் பயன்படுத்திக்கொள்கிறோம், கமிஷன் தருகிறோம்" என்று கேட்பவர்களுக்குக் கணக்குக் கொடுத்தால், யாரோ இழந்த பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் முதலில் தேடி வருவது அந்தப் பிள்ளையைத்தான்.

படி 5: ஒருவரிடமாவது காட்டுங்கள்

எல்லாப் படியிலும் இதற்குத்தான் பலம் அதிகம். மெயிலை வாய்விட்டு இன்னொருவருக்குப் படித்துக் காட்டும்போதே அதில் இருக்கும் ஓட்டை நமக்கே தெரிந்துவிடும். மகனோ மகளோ, தெருவில் இ-சேவை மையம் நடத்துபவரோ, வங்கிக் கிளையில் இருப்பவரோ, யாராவது ஒருவர் போதும்.

வீட்டில் பெரியவர் ஒருவர் ஏற்கெனவே நம்பிவிட்டார் என்றால், இளையவர்கள் பேசுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "உங்களுக்கு அறிவிருக்காப்பா, இதையெல்லாமா நம்புவீங்க?" என்று ஆரம்பித்தால் அவர் அதோடு வாயை மூடிக்கொள்வார். அடுத்த தவணையை யாருக்கும் தெரியாமல் கட்டுவார். மோசடிக்காரன் அவரை "சார்" என்று கூப்பிட்டு மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்கிறான் என்பதை மறந்துவிடாதீர்கள். இப்படிப் பேசிப் பாருங்கள்:

"அப்பா, அந்த மெயிலை எனக்கும் கொஞ்சம் காட்டுங்க. ரெண்டு பேரும் சேர்ந்தே பார்த்துடலாம்."

"அவங்க ரகசியமா வைக்கச் சொல்லியிருக்காங்கப்பா."

"சரிப்பா, வெளியில யார்கிட்டயும் சொல்லலை. நம்ம வீட்டுக்குள்ளதானே. பணம் எதாச்சும் கேட்டாங்களா?"

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைப் பொறுத்து அன்றே அடுத்த படிக்குப் போங்கள். "அவர்களிடம் கட்டணத்தைப் பரிசிலேயே கழித்துக்கொள்ளச் சொல்லுங்கப்பா" என்று கேட்க வைப்பதும் நல்ல வழி. அந்தப் பக்கம் எவ்வளவு சாக்குச் சொல்கிறார்கள் என்று அவரே கேட்டுத் தெரிந்துகொள்வார்.

படி 6: தவறிப்போய்விட்டால்

வெறும் மெயில் வந்ததோடு சரி என்றால் ஸ்பேம் என்று புகார் செய்து விட்டுவிடுங்கள். மெயிலின் அடியில் இருக்கும் "இனி அனுப்ப வேண்டாம்" லிங்க்கை அழுத்தாதீர்கள். உங்கள் முகவரி உயிரோடு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பிலோ போனிலோ வந்தால் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் புகார் செய்யலாம்.

ஆதார் நகல் கொடுத்திருந்தால் ஆதார் செயலியில் கைரேகை, கருவிழிப் பதிவைப் பூட்டி வையுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று சஞ்சார் சாத்தியில் பாருங்கள்; தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே சொல்லலாம். பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் முதலில் மெயிலின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பிறகு மற்றவை. ஏபிகே நிறுவியிருந்தால் போனை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு, வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிடுங்கள்.

பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். இதைத் தள்ளிப்போடவே கூடாது. நீங்கள் அனுப்பிய பணம் ஒரு கணக்கில் நிற்பதில்லை. சீக்கிரமே அடுத்த கணக்கு, அதற்கடுத்த கணக்கு என்று பிரிந்து ஓடி ஏடிஎம்மில் வெளியே வந்துவிடும். 1930-இல் புகார் பதிவானதும் அந்தச் சங்கிலியில் இருக்கும் வங்கிகளுக்குத் தகவல் போய், மிச்சம் எங்கே நிற்கிறதோ அங்கே முடக்கப் பார்க்கிறார்கள். முதல் சில மணி நேரத்தில் கூப்பிட்டவருக்கும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்றவருக்கும் கிடைப்பதில் பெரிய வித்தியாசம் இருக்கும். மலைக்குள் சிக்னல் கிடைக்காத எஸ்டேட்டில் இருந்தால் சிக்னல் வரும் இடத்துக்கு இறங்கி வந்தாவது, யார் போனிலாவது கூப்பிடுங்கள்.

கூப்பிடும் முன் கையில் எடுத்து வைக்க வேண்டியவை: உங்கள் வங்கியின் பெயர், கணக்கு எண், பணம் போன தேதி, நேரம், தொகை, யாருக்குப் போனது, ஒவ்வொரு அனுப்புதலுக்கும் உரிய பரிவர்த்தனை எண். யுபிஐ என்றால் அது 12 இலக்க எண். செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் கீழே இருக்கும். எல்லாவற்றையும் தேட நேரமானால் இருப்பதை வைத்துக்கொண்டு கூப்பிட்டுவிடுங்கள். பிறகு கிடைக்கும் ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொண்டு, அன்றே "சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்" தளத்தில் முழுப் புகாரையும் பதிவு செய்யுங்கள். மெயில், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். அவமானமாக இருக்கிறது என்று அழித்துவிட்டு வருகிறவர்களால்தான் வழக்கு நிற்பதில்லை.

நேரில் போக வேண்டுமென்றால், சேலம் மாநகர எல்லைக்குள் இருப்பவர்களுக்கு மாநகரக் காவலின் சைபர் கிரைம் நிலையம். ஏற்காடு, ஆத்தூர், ஓமலூர், மேட்டூர் பக்கம் இருப்பவர்களுக்கு மாவட்டக் காவலின் சைபர் கிரைம் நிலையம். எது எல்லை என்ற குழப்பத்தில் நாளைக் கடத்த வேண்டாம். பக்கத்துக் காவல் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம். எல்லை வேறாக இருந்தாலும் பதிவு செய்து உரிய இடத்துக்கு அனுப்பச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

வங்கிக் கிளையில் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களே பின் போட்டு அனுப்பிய பணத்துக்கு வங்கி பொறுப்பேற்காது என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். ஆனால் புகார் கொடுத்த பிறகு உங்கள் கணக்கிலிருந்து உங்கள் அனுமதியில்லாமல் போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

படி 7: இரண்டாவது முறை வருவார்கள்

ஒருமுறை பணம் கட்டியவர்களின் பட்டியல் மோசடிக்காரர்களுக்குள் கை மாறுகிறது. சில வாரம் கழித்து "சைபர் கிரைம் பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம், விடுவிக்க ஐந்தாயிரம் கட்டுங்கள்" என்று போன் வரும். வக்கீல் என்றும் சொல்வார்கள், மீட்பு ஏஜென்சி என்றும் சொல்வார்கள். நீங்கள் இழந்த தொகையைப் பைசா சுத்தமாகச் சொல்வார்கள், ஏனென்றால் பணத்தை வாங்கியவர்களே அவர்களாக இருப்பார்கள், இல்லாவிட்டால் அந்தப் பட்டியல் அவர்கள் கையில் இருக்கும். பணத்தை மீட்டுத் தரக் காவல்துறை கட்டணம் வாங்குவதில்லை. அந்த நம்பரையும் பேசிய நேரத்தையும் குறித்துக்கொண்டு, ஏற்கெனவே வாங்கிய ஒப்புகை எண்ணைச் சொல்லி அதே புகாரில் சேர்க்கச் சொல்லுங்கள்.